பெர்மனென்ட் மை

பெர்மனென்ட் என்ற சொல்லை நான் முதலில் பார்த்தது ஒரு மைப் புட்டியின் மேல். அப்போது தென்காசியில் ரிஜிஸ்தர் கச்சேரிக்கு எதிரே பத்திரம் எழுதும் ஒருவரிடம் நகல் எழுதிக்கொண்டிருந்தேன். எட்டாவது வரை படித்தவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும் என்பதால் அந்த வேலை எனக்குப் பொருந்தியது.

அதுவரை கடுக்காயும் அன்னபேதி உப்பும் ஊறவைத்துக் காய்ச்சிய மையில்தான் எழுதிவந்தோம். எழுதும்போதே கறுப்பாக இருக்கும். கடையில் வாங்கிய இந்தப் புது மை நீலமாக, தண்ணீர் போல இருந்தது. பெர்மனென்ட் என்றால் மாறாதது என்று அர்த்தம் என்றார் முதலாளி. நான் ஒரு வரி எழுதிச் சாரலடிக்கும் ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். எழுதிய உடனே நனைத்தபோது கலைந்து ஓடிவிட்டது. இன்னொரு வரியை ஒரு நாள் காயவிட்டு நனைத்தேன். கலையவில்லை, ஆனால் நீலம் கறுப்பாகியிருந்தது. மாறாதது என்று பெயர் வைத்துக்கொண்டு நிறம் மாறுகிறதே என்று அன்றே அந்தச் சொல்லின் மேல் எனக்குச் சந்தேகம் விழுந்தது.

அதன்பிறகு அது எங்கே வந்தாலும் உற்றுப் பார்ப்பேன். மனுக்களில் பெர்மனென்ட் விலாசம் என்று ஒரு கட்டம் இருக்கும். கொல்லத்துக்குப் பிழைக்கப் போனவர்கள் அதில் பூட்டிக் கிடக்கும் வீட்டைத்தான் எழுதுவார்கள். ஜமீன் கிராமங்களின் பழைய காகிதங்களில் பெர்மனென்ட் செட்டில்மெண்ட் என்று வரும்; ஜமீனுக்கு என்றைக்கும் மாறாத வரி என்று வெள்ளைக்காரன் செய்த ஏற்பாடு. இப்போது ஜமீனே போகப்போகிறது என்று பேசிக்கொள்கிறார்கள்.

ஒருமுறை குற்றாலத்தில் ஒரு பங்களாவுக்குக் கையெழுத்து வாங்கப் போனேன். சீசனுக்கு வந்து தங்கியிருந்தவர் காலேஜில் பாடம் சொன்னவர். எங்கிருந்து தைரியம் வந்ததோ, அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டுவிட்டேன். அது லத்தீனிலிருந்து வந்தது, முன்பாதிக்கு முழுக்க என்றும் பின்பாதிக்குத் தங்குதல் என்றும் பொருள், கடைசிவரை தங்குவது என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். மேன்ஷன் என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததாம். நான் வாசலைப் பார்த்தேன். அந்தப் பங்களாவின் பலகையிலும் மேன்ஷன் என்றுதான் எழுதியிருந்தது. ஆவணி கழிந்தால் அங்கே பூட்டுத்தான் தங்கும்.

அந்த வருஷம்தான் வடகரையிலிருந்து ஒரு அம்மாள் கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். புருஷன் இறந்து ஆறு மாதம். பிள்ளை இல்லை. வீட்டின் பின்கட்டு அறையும் இரண்டு வயலின் விளைச்சலும் அவளுக்கு ஆயுள் உள்ளமட்டும் என்று கொழுந்தன் எழுதிக்கொடுக்கச் சம்மதித்திருந்தான். நான்தான் பத்திரம் எழுதினேன். அவன் கையெழுத்துப் போட்டான். அந்த அம்மாள் குனிந்து பார்த்தாள்.

“என்னய்யா இது, கஞ்சித் தண்ணி கணக்கா இருக்கு?”

“பெர்மனென்ட் மை, தாயீ. அழியாது. புட்டியிலயே போட்டிருக்கான்லா” என்றார் முதலாளி.

“விக்கிறவன் பின்ன அழியும்னா போடுவான்?”

ஒரு நாள் காயவேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்ல நாக்கு எழவில்லை. அதற்குள் அவள் விரலை எச்சில்படுத்திக் கொழுந்தனின் பெயரில் ஒரு தேய் தேய்த்துவிட்டாள். பெயர் நீலத் தீற்றலாகிவிட்டது.

“பாத்தீயளா!” என்றாள்.

கொழுந்தன் எழுந்துவிட்டான். “எம் பேரையா மதினி அழிக்கிய? நம்பிக்கை இல்லன்னா என்னை எதுக்கு இங்கன கூட்டிட்டு வந்திய?”

“நம்பிக்கை இருந்தா நான் ஏன் பத்திரம் கேக்கேன்?”

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டான். அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, “சாயங்காலம் வீட்டுக்குள்ள விடுவானோ என்னமோ” என்றாள்.

அதைக் கேட்டபின் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஓடினேன். செங்கோட்டை பஸ் நிற்கும் இடத்தில், காப்பிக் கடையில் அவன் இருந்தான்.

“அண்ணாச்சி, தப்பு என் மேல. அந்த மை காய ஒரு நாள் ஆகும். நான் முன்னாலயே சொல்லியிருக்கணும்.”

“உம்மை அவ அனுப்பினாளா?”

“இல்ல. அவங்களுக்குத் தெரியாது.”

“தெரியாமலா மழையில இப்படி ஓடியாறீரு? என்ன வே, ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கியளா?”

நனைந்து நின்றேன். அவன் காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்தான்.

“வாரேன். ஆனா நாளை வரைக்கும் தாள் அவ கைக்குப் போகப்படாது” என்றான்.

அவன் திரும்பி வந்ததும் இன்னொரு முத்திரைத்தாளில் மறுபடி எழுதினேன். அவன் கையெழுத்துப் போட்டான். அவன் கையிலும் இருக்கக் கூடாது என்றாள் அந்த அம்மாள். முதலாளி கையிலும் வேண்டாம், புட்டியை நம்புகிறவர் என்றாள். கடைசியில் என்னிடம் வந்தது. மறுநாள் வரை அதை இரண்டு அட்டைக்கு நடுவே வைத்துக் காத்தேன்.

காலையில் இருவரும் தனித்தனியாக வந்தார்கள். எழுத்து கறுத்திருந்தது. அவள் செம்புத் தண்ணீரில் விரலை நனைத்துக் கொழுந்தனைப் பார்த்தாள்.

“வையுங்க மதினி. வச்சாத்தான ஒங்களுக்குத் தூக்கம் வரும்” என்றான்.

அவன் பெயரின் மேல் ஒரு சொட்டு வைத்தாள். இருவரும் குனிந்து பார்த்தார்கள். நான் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் வேண்டினேன். முந்தானையால் ஒற்றி எடுத்தாள். எழுத்து அப்படியே இருந்தது.

கச்சேரியில் ரிஜிஸ்திரார், “உன் சம்மதத்தோடு போட்ட கையெழுத்துதானா?” என்று வழக்கம்போலக் கேட்டார்.

“ஆமா எஜமான். ரெண்டு தடவை” என்றான் அவன்.

பியூன்கூடச் சிரித்தான். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ரிஜிஸ்திரார் கையெழுத்திடும் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முடித்ததும் என் பக்கம் திரும்பி, “இவரு எழுதினது என்ன மைய்யா?” என்று கேட்டாள்.

“அதே மைதாம்மா.”

“அப்ப நாளை வரைக்கும் யாரும் தொடாதீய” என்று ரிஜிஸ்திராரிடமே சொன்னாள்.