சத்தம் போடாமல் ஜெயித்த பாட்டு

மூன்று வருடத்துக்கு முன்னால், நோன்புப் பெருநாள் முடிந்த மறுமாதம், அஜ்மானில் நாங்கள் குடியிருக்கும் ஃப்ளாட்டில் ஆரம்பித்த விஷயம் இது.

என் வீட்டுக்காரர் துபாய் தேராவில் ஒரு மசாலாக் கடையில் வேலை செய்கிறார். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு பஸ் பிடிக்கப் போனால் இரவு இஷா தொழுகைக்குப் பிறகுதான் வீடு வருவார். எங்களுக்கு ஒரே மகள். அப்போது ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் இருக்கும் இரண்டு அறையில் ஒன்றை, யாழ்ப்பாணத்து நர்ஸ் தங்கச்சி ஒருத்திக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அவளுக்கு எப்போதும் நைட் டூட்டி. காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். நடுவில் இருக்கிற சுவர் பேருக்குத்தான் சுவர். இந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் அந்தப் பக்கம் கேட்கும். அதனால் பகலில் நாங்கள் தாயும் மகளும் குரலை இறக்கித்தான் பேசுவோம். அது பழகிப்போய்விட்டது.

அன்றைக்கு சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. நான் முஸல்லாவை விரித்து உட்கார்ந்து குர்ஆனில் யாசீன் ஓதிக்கொண்டிருந்தேன். மகள் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு ஏதோ பாட்டுக் கேட்கிறாள். ஒரு ஆம்பிளைக் குரல். இங்கிலீஷ். முடிந்ததும் மறுபடியும் அதே பாட்டு. காதோடு காதாக ரகசியம் சொல்வது மாதிரி அவ்வளவு மெதுவாகப் பாடினான். உண்மையைச் சொன்னால், அந்த மெதுவான குரல்தான் என்னைப் பயமுறுத்தியது. ஆட்டம் போடும் பாட்டாக இருந்திருந்தால் அதட்டிவிட்டு விட்டிருப்பேன். நான் ஏழாவதோடு நின்றவள். ஒரு வார்த்தையும் புரியவில்லை. புரியாததினாலேயே மனசு என்னென்னவோ நினைத்தது. வயசுக்கு வந்த பிள்ளை, போர்வைக்குள்ளே, ரகசியக் குரல்.

போர்வையை இழுத்தேன். "ஓதுற வீட்டுல என்ன பாட்டு இது? யாரு அனுப்புனா உனக்கு?"

"யாரும் அனுப்பல உம்மா. டீச்சர் குடுத்தது. பழைய பாட்டு ஒண்ணு எப்படி உருவாச்சு, எப்படி ஹிட் ஆச்சுன்னு மேடையில பேசணும்."

"பாட்டப் பத்திப் பேசத்தான் உங்க வாப்பா அந்தப் பாடுபட்டு ஃபீஸ் கட்டுறாங்களா? வேற எதையாவது பேசுறேன்னு சொல்லு. இனி அந்தச் சத்தம் இந்த வீட்டுல கேக்கக் கூடாது."

கத்தியது நான்தான். அடுத்த அறைக் கதவு திறந்தது. தூக்கம் கலைந்து, கண்ணைத் திறக்க முடியாமல் அந்தத் தங்கச்சி வந்து நின்றாள். மகள் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"இது நல்ல பழைய பாட்டல்லோ அக்கா. எங்கட வார்டில பிலிப்பைன்ஸ் பிள்ளையள் எல்லாம் முணுமுணுக்கிறவை. பிழையான பாட்டில்லை."

எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. "எங்க புள்ளைய எப்படி வளக்கணும்னு எங்களுக்குத் தெரியும் தங்கச்சி. நீங்க போய்ப் படுங்க" என்று சொல்லிவிட்டேன். அவள் உள்ளே போனாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள். மகள் "சரி உம்மா" என்று போனை அணைத்து என் கையில் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அந்தப் பாட்டு எங்கள் வீட்டில் கேட்கவில்லை. மகள் நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பாள், நானும் எதுவும் கேட்கவில்லை. வேறு எதையோ பேசப்போகிறாள், சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டாள் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

இரண்டு வாரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து பெற்றோரை அழைத்திருந்தார்கள். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. "நீ போயிட்டு வா" என்றார். போகலாம், ஆனால் அங்கே எல்லாம் இங்கிலீஷ். சிரிக்கிறவர்களைப் பார்த்து நானும் சிரித்துவிட்டு வருவதுதான் வழக்கம். இந்த முறை என் பிள்ளை மேடை ஏறுகிறாள். அவள் என்ன பேசினாள் என்றுகூடத் தெரியாமல் திரும்பி வர மனசு இடம் கொடுக்கவில்லை. இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் அந்த நர்ஸ் தங்கச்சி. அன்றைக்கு அப்படிப் பேசிவிட்டு எந்த முகத்தோடு கேட்பது? இரண்டு நாள் தயங்கி, மூன்றாம் நாள் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கூட வந்து எனக்குத் தமிழில் சொல்ல முடியுமா என்று கேட்டேன். "எத்தினை மணிக்கு அக்கா?" என்றாள், அவ்வளவுதான். டூட்டி முடிந்து, தூங்காமல், நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் பாட்டைக் கொஞ்ச நேரம் போட்டுக் காட்டி, பிறகு அதைப் பற்றிப் பேசினார்கள். சில பிள்ளைகள் ஆடவும் செய்தார்கள். என் மகள் வந்தாள். திரையில் பாட்டின் பெயர் விழுந்ததும் தங்கச்சி என் காதில், "அதே பாட்டுத்தான் அக்கா" என்றாள்.

 மகள் ஏதோ சொன்னாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். தங்கச்சி அதை எனக்குத் தமிழில் சொன்னாள்.

"தான் பாட்டைப் போடேல்லையாம். எங்கட வீட்டில பாட்டுப் போடுறதில்லை, அதால கதையை மட்டும் சொல்லுறன் எண்டுறா."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தலையைக் குனிந்தபடியே அவள் சொல்லச் சொல்லக் கேட்டேன்.

அந்தப் பாட்டுக்காரர் அப்போது ஒன்றும் இல்லாதவராம். பல குடித்தனம் இருக்கும் கட்டிடத்தில் ஒற்றை அறை. கைக்குழந்தைக்குச் சுகமில்லை. நாள் முழுக்க அழுத குழந்தை ஒருவழியாகத் தூங்க, அது விழித்துவிடக் கூடாதே என்று கிதார் கம்பியைப் பெருவிரலால் மட்டும் தடவித் தடவி, மூச்சுவிடுகிற அளவுக்குப் பாடி உண்டாக்கியதாம் அந்தப் பாட்டு. பதிவு செய்கிற இடத்தில், இது எடுபடாது, கொட்டு எல்லாம் சேர்த்து ஓங்கிப் பாடு என்றார்களாம். அப்படிப் பாடியபோது பாட்டு செத்துப்போயிற்றாம். கடைசியில் விளக்கை அணைக்கச் சொல்லி, பக்கத்தில் பிள்ளை தூங்குவதாக நினைத்துப் பாடினாராம். கம்பெனிக்குப் பிடிக்கவில்லை. இசைத்தட்டின் பின்பக்கத்தில் போட்டுத் தள்ளிவிட்டார்கள். அதிகாலை டூட்டியில் இருந்த ரேடியோக்காரர் ஒருவர் தட்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறார். லாரி ஓட்டுகிறவர்கள், ரொட்டி சுடுகிறவர்கள், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற நர்ஸுகள் என்று வரிசையாகப் போன் செய்து, மறுபடி போடு, மறுபடி போடு என்று கேட்டார்களாம். அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் போனதாம்.

இதுவரை விடாமல் சொல்லிக்கொண்டு வந்த தங்கச்சி திடீரென்று நிறுத்திவிட்டாள். மேடையில் மகள் பேசிக்கொண்டே இருக்கிறாள். ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. இவள் டிஷ்யூவைத் தேடுகிறாள்.

"என்ன தங்கச்சி? என்ன சொல்றா? என்னைப் பத்தி ஏதும் சொல்றாளா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பாட்டு ஏன் வெண்டது எண்டு எனக்குத் தெரியும், ஏனெண்டா எங்கட வீடும் அப்பிடித்தான் எண்டுறா, அக்கா. இரவு வேலை செய்யிற ஆன்ட்டி பகலில படுக்கிறா. அதுக்காக உம்மா குக்கரில விசில் போடுறதில்லை. மிக்ஸியைத் துவாயால சுத்தி, பால்கனிக்குக் கொண்டுபோய், அந்தக் கொளுத்துற வெயிலுக்குள்ள நிண்டு தேங்காய் அரைக்கிறவ. ஓதேக்கையும் உதடு மட்டும்தான் அசையும். யாரோ ஒராள் நித்திரை கொள்ளுறதுக்காகச் சத்தத்தைக் குறைக்கிறதுதான் அன்பு எண்டுறா."

நான் எதையும் சொல்லிக் காட்டியதில்லை. கூட ஒரே வீட்டில் இருக்கிற மனுஷிக்கு அதைக்கூடச் செய்யாவிட்டால் தொழுது என்ன பிரயோஜனம் என்று செய்தது. மகள் கவனித்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

வெளியே வந்து டாக்ஸிக்கு நிற்கும்போது தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவ்வளவு நாளும் உங்களிட்ட மிக்ஸியே இல்லையெண்டெல்லோ அக்கா நினைச்சனான்" என்றாள். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. "அன்னைக்கு உங்க தூக்கத்தையும் கெடுத்து, சொல்லக் கூடாததையும் சொல்லிட்டேன். மாப்பு குடுங்க தங்கச்சி" என்றேன். "விடுங்கோ அக்கா, பசிக்குது, என்ன சமைச்சனீங்கள்?" என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

மகள் வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், "கோவமா உம்மா? நான் பாட்டப் போடல" என்றாள்.

"வேற பேசுறேன்னு டீச்சர்கிட்ட சொல்லலையாம்மா?"

"சொன்னேன். மாத்த முடியாதுன்னுட்டாங்க. உங்ககிட்ட வந்து சொல்லப் பயமா இருந்துச்சு."

மேடையில் அத்தனை பேர் முன்னால் பேசப் பயப்படாத பிள்ளை, என்னிடம் பேசப் பயந்திருக்கிறாள். டாக்ஸியில் அவளை அணைத்துக்கொண்டேதான் வந்தேன். 

இன்றைக்கும் எங்கள் வீட்டில் பாட்டுப் போடுவதில்லை. அது எங்கள் வழக்கம், அல்லாஹ்வுக்குப் பயந்து வைத்துக்கொண்ட வழக்கம், அதில் மாற்றமில்லை. ஆனால் புரியாத ஒன்றைப் பார்த்தால், கத்துவதற்கு முன்னால், இது என்னம்மா என்று கேட்கப் பழகிக்கொண்டேன். அடுத்த அறையில் தூங்குகிறவளுக்காக அத்தனை சத்தத்தைக் குறைத்த நான், பக்கத்திலேயே விழித்திருந்த என் மகளுக்காகக் குறைக்கத் தெரியாமல் இருந்தேனே என்று, மிக்ஸியைப் பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.