மீதி நாற்பத்தொன்று

நேற்று வேலியில் படர்ந்திருந்த கோவைக்கொடியைப் பிடுங்கிப் போட்டேன். கையில் ஏறிய பச்சை வாடை கழுவியும் போகவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும், அந்தக் காலத்தில் சிலேட்டை அழிக்கக் கோவை இலைதான். பிள்ளைகள் மட்டுமா? மீசை முளைத்த வாத்தியார்கள் நாங்கள் இரண்டு பேரும் அதை வைத்துத்தான் அழித்தோம்.

யுத்த காலம். நாமகிரிப்பேட்டைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் வேலை. கூட வேலை பார்த்த கந்தசாமி என் வயதுக்காரர். ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. கணக்கு என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். எனக்குக் கணக்கு என்றால் தூக்கம் வரும். அவர் வறுத்து வைக்கும் கடலைக்காய்க்காகச் சாயங்காலமானால் அவர் அறைக்குப் போய்விடுவேன்.

கல்லூரியில் படிக்க வேண்டும் என்று அவருக்கு ஒரே ஏக்கம். வசதியில்லை. ஒரு பேராசிரியருக்கு எழுதிப் போட்டார். ‘பத்து லட்சத்துக்கு மேல் ஒரு பகா எண்ணை நீரே கண்டுபிடித்து அனுப்பும். சரியாக இருந்தால் சம்பளம் கட்டாமல் படிக்கச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன்’ என்று பதில் வந்தது.

கந்தசாமி பிடித்த எண் பத்து லட்சத்து ஒன்பது. ஆயிரத்துக்குள் இருக்கும் பகா எண்கள் நூற்றறுபத்தெட்டு. அவற்றில் எதனாலும் மீதியில்லாமல் வகுபடாவிட்டால் அது பகா எண்தான். காகிதம் கிடைக்காத நாட்கள். ஆளுக்கொரு சிலேட்டில் வகுப்போம். மீதியை மட்டும் குரல் கொடுத்தால் அவர் தம் நோட்டில் குறித்துக்கொள்வார். உடனே சிலேட்டை அழித்துவிட்டு அடுத்த எண்.

ஒரு சனிக்கிழமை நான் ஆட்டையாம்பட்டிக்குப் பெண் பார்க்கப் போக வேண்டியிருந்தது. பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடும் பஸ் வந்து நின்று ஹாரன் அடிக்கிறது. என் சிலேட்டில் இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று பாதியில் நிற்கிறது.

“ஏனுங்க, மீதி எவ்வளவுங்க?”

“நாப்பத்தொண்ணுங்க!”

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு ஓடினேன். கரி படிந்த முகத்தோடு போய் நின்றவனுக்கும் பெண் கொடுத்தார்கள், பெருந்தன்மைதான்.

என் கல்யாணம் முடிந்த மாதம், கந்தசாமி அனுப்பிய எண்ணுக்குப் பேராசிரியரின் கார்டு வந்தது. ‘1000, 3 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினாலும் உமது எண் வரும், 972, 235 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினாலும் வரும். இப்படி இரண்டு விதமாக வருவது பகா எண்ணாக இருக்க முடியாது. 293-ஆல் வகுத்துப் பாரும். கவனமில்லாதவருக்குக் கணிதம் ஆகாது.’

கந்தசாமி என் எதிரிலேயே வகுத்தார். 3413 தடவை. மீதி இல்லை. நோட்டைப் புரட்டினார். யார் எதை வகுத்தோம் என்று அதில் ஏது? எல்லாம் அவர் கையெழுத்து.

“நாந்தானுங்க அவசரத்துல தப்பாப் போட்டுட்டேனாட்ட இருக்குது” என்றார்.

அதை வகுத்தது நான்தான் என்று நான் சொல்லவில்லை. கோழைத்தனம், வேறென்ன. “இன்னொரு நம்பர் பாக்கலாமுங்க” என்று மட்டும் சொன்னேன்.

“வேண்டாம் சாமி. என்ர மேல எனக்கே நம்பிக்கை போயிருச்சுங்க.”

அதன்பின் ஒன்றாம் வகுப்புக் கூட்டலைக்கூட இரண்டு மூன்று தடவை போட்டுப் பார்ப்பார். பிள்ளைகள் சிரிக்கும். வேலையை விட்டுத் தறிக்கே திரும்பினார். இரண்டு வருஷத்தில் காய்ச்சலில் போய்விட்டார். எழவுக்குப் போனேன், அங்கேயும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது லாரிப் பட்டறை. அந்தப் பேராசிரியர் இல்லை; என் மனைவியும் போய்விட்டாள், அவளிடமும் நான் சொன்னதில்லை. ‘தப்புப் பண்ணுனது நீங்க இல்லீங்க’ என்று கேட்டு நிம்மதியடைய வேண்டிய மனுஷன், தான் கவனமில்லாதவன் என்று நம்பிக்கொண்டே செத்துப்போனார்.