நூல் வராத வலைத் தொழிற்சாலை

எந்தப் பக்கத்தார் கோபிப்பார்களோ என்று இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். இன்று கடையில் புது நைலோன் வலையைப் பிரித்தபோது எழுந்த வாசம், அம்மாவின் வேலைச் சேலையின் வாசம்.

கடலோரக் குருநகரில் இருந்த அரசாங்க வலைத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. சண்டைக் காலத்தில் எங்கள் பகுதி போராளிகளின் கையில் இருந்ததால், வலை பின்னும் நைலோன் நூல் அங்கே வருவதை அரசாங்கம் தடைசெய்தது; சம்பளத்தை மட்டும் அனுப்பியது.

“வீட்டை போய் இருங்கோ, சம்பளம் வரும்,” என்றார் மனேச்சர்.

“சும்மா இருக்கவோ சம்பளம்? கோயில் மாதா பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறா! நூலைக் கேளுங்கோ, ஐயா,” என்றார் அம்மா.

“கேட்டுக் களைச்சுப்போனன், பிள்ளை.”

மறுநாள் அம்மாவும் கூட வேலை செய்த பெண்களும் கரையிலிருந்து கிழிந்த வலைகளை அள்ளிவந்தார்கள். ஓடாத மெசின்களுக்கு நடுவே இருந்து, உக்கி இனி உதவாதென்று போன வலைகளில் உருவிய நூலால் அவற்றின் கிழிசல்களைப் பொத்தி மீனவர்களிடம் கொடுத்தார்கள்.

இதை யாரிடமாவது சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்: நூலைத் தடுத்ததும் அரசாங்கம்தான், சம்பளம் தந்ததும் அரசாங்கம்தான். அம்மா உழைத்துத்தான் அந்தச் சம்பளத்தை வாங்கினார்.