காப்புரிமைக்குப் போர்த்திய பொன்னாடை

மருந்துக் கண்டுபிடிப்புகளை உளவாளிகள் திருடுவார்கள், போட்டிக் கொம்பனிகள் ஆள் வைத்துக் களவெடுக்கும் என்றெல்லாம் ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். படம் பார்த்துக் கெட்டுப்போன பயம். யாழ்ப்பாணத்தில் உளவாளிக்கு வேலையே இல்லை. எங்களிடம் விழாக்குழு இருக்கிறது. என்னுடைய கண்டுபிடிப்பை என் கண்முன்னாலேயே, விளக்கேற்றி, மாலை போட்டு, மைக் பிடித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவைத்தார்கள். செலவும் அவர்களுடையதுதான்.

1. எண்ணெயும் தண்ணீரும்

நான் குருநகர்ப் பெண். அப்பா, அண்ணை, மச்சான்மார் எல்லாருக்கும் கடல்தான் தொழில். நான் மட்டும் இரசாயனம் படித்து, கலாநிதிப் பட்டமும் வாங்கி, ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் எண்ணெயையும் தண்ணீரையும் கலக்கும் உத்தியோகத்தைப் பிடித்தேன். "உதுக்கோ இவ்வளவு காலம் படிச்சனீ?" என்று அன்ரன் அண்ணை கேட்டார். நியாயமான கேள்வி. இன்னும் திருப்தியான பதில் என்னிடம் இல்லை.

எண்ணெயும் தண்ணீரும் தாமாகச் சேராது. இரண்டையும் சமாதானப்படுத்த லெசிதின் மாதிரி ஒரு பொருளைப் போட்டு, ஹோமோஜினைசர் என்ற இயந்திரத்துக்குள்ளால் பெரும் அழுத்தத்தில் தள்ளினால், எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைந்து பால் மாதிரி நிற்கும். அதுதான் இமல்சன். கிருமியின் வெளித்தோலும் ஒருவகைக் கொழுப்புத்தான். சரியான அளவில், சரியான மின்னேற்றத்தோடு துளியைச் செய்தால் அது கிருமியில் போய் ஒட்டி, தோலைக் குலைத்து, ஓட்டை போட்டுவிடும். நான் தேங்காயெண்ணெயில் இருந்து வரும் மொனோலோறினை வைத்து அப்படி ஒன்றைச் செய்தேன். சீனி வருத்தக்காரரின், அதாவது நீரிழிவுக்காரரின், ஆறாத புண்ணில் கிருமிகள் வழுவழுப்பான ஒரு போர்வைக்குள் குடியிருக்கும். விழுங்கும் மாத்திரை அங்கே இலேசில் போய்ச் சேராது. என் இமல்சன் அந்தப் போர்வையையும் கிழித்தது. ஆய்வுகூடத் தட்டில் கிழித்தது, விலங்குச் சோதனையில் கிழித்தது. மனிதரில் என்ன செய்யும் என்று ஒருவருக்கும் தெரியாது.

தெரிந்துகொள்ள எனக்கு அவசரம் இருந்தது. அன்ரன் அண்ணையின் வலது பாதத்தைச் சிப்பி ஓடு வெட்டியிருந்தது. அவருக்குச் சீனி வருத்தம். புண் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. கிளினிக்கில் "ஓய்வா இருக்கிறன் டொக்டர்" என்பார். மறுநாள் விடிய, காலில் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு வள்ளத்தில் ஏறுவார். பொலித்தீனுக்குள் உப்புத்தண்ணீர் போகாது என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு.

ஐரோப்பியக் கொம்பனி ஒன்று என் இமல்சனில் ஆசைப்பட்டது. ஆஸ்பத்திரியில் மனிதப் பரிசோதனைக்கு முழுச் செலவையும் தாங்கள் ஏற்பதாகச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை, ஐரோப்பாவில் காப்புரிமை கிடைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பரிசோதனைக்குப் பொருத்தமான நோயாளிகள் என்று கிளினிக் டொக்டர் குறித்தவர்களுக்குள் அண்ணையும் இருந்தார். ஆக, காப்புரிமை வந்தால் பரிசோதனை, பரிசோதனை வந்தால் அண்ணையின் காலுக்கு ஒரு வழி.

2. ஆடி மாதம்

எங்கள் பணிப்பாளர் சிவபாதம் சேர் தங்கமான மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் நான் கவனமாக இருந்திருப்பேன்.

கொழும்பில் எங்கள் காப்புரிமை முகவர், அதிகம் சிரிக்காத ஒரு அம்மா, தொலைபேசியில் ஒரே ஒரு விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். விண்ணப்பம் போகும்வரை வாயைத் திறக்கக் கூடாது. கட்டுரை கூடாது, கூட்டம் கூடாது, பேட்டி கூடாது. உலகத்தில் எந்த மூலையில் வெளியே தெரிந்தாலும் அது பழைய விஷயம் ஆகிவிடும், காப்புரிமை கிடைக்காது. தானே வெளியிட்டவருக்குச் சில நாடுகளில் ஒரு வருடச் சலுகை உண்டு. ஐரோப்பாவில் அந்த இரக்கம் கிடையாது.

பத்திரங்கள் தயாரானபோது ஆடி பிறந்திருந்தது. விண்ணப்பதாரர் எங்கள் நிறுவனம், ஆகவே சேரின் கையெழுத்து வேண்டும். ஆடியில் புதிதாக ஒன்றும் தொடங்குவதில்லை என்று பேனையை மூடி வைத்துவிட்டார். ஆவணியில் முதல் நல்ல நாளைச் சாத்திரியாரிடம் கேட்டுக் குறித்தும்விட்டார். ஐரோப்பியக் காப்புரிமைச் சட்டத்தில் இல்லாத ஒரு பிரிவு இது.

அதே ஆடியில் எனக்குப் பாராட்டு விழா வைப்பதற்கு மட்டும் ஒரு தோஷமும் இருக்கவில்லை. காரணம் எளிது. கனடாவில் போய்க் குடியேறிய எங்கள் கனடாக்காரர் லீவில் வருவது அப்போதுதான். ஆவணி கடைசியில் விழா வைத்தால் முன்வரிசைக் கதிரைகளில் யார் இருப்பது? முகவர் அம்மா சொன்னதை நான் சேரிடம் அப்படியே ஒப்புவித்தேன். மருந்தைப் பற்றி ஒன்றும் பேசமாட்டார்கள், பிள்ளையைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

3. உரைகள்

அழைப்பிதழில் 'சுருக்கமான நிகழ்வு' என்று போட்டிருந்தது. வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, அறிமுகவுரை, வாழ்த்துரைகள். இத்தனை உரைகளுக்கும் நடுவில் என் தோளில் பொன்னாடைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. ஆடி வெயிலில் மேடையிலேயே அவிந்துபோகும் நிலையில் இருந்தேன். முன்வரிசையில் அண்ணை புது வேட்டியோடு, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு இருந்தார். யார் வந்து கை கொடுத்தாலும் "என்ரை தங்கச்சி" என்று மேடையைக் காட்டினார்.

சேர் வாக்கைக் காப்பாற்றினார். மருந்தைப் பற்றி மூச்சு விடவில்லை. கனடாவில் இருந்து வந்த அவருடைய பழைய வகுப்புத் தோழர் வாழ்த்துரைக்கு எழும்பும் வரைக்கும்.

தோழர் சிரித்த முகத்தோடு மைக்கைப் பிடித்தார். "நான் கேள்விப்பட்ட அளவிலை உது தேங்காயெண்ணெயும் சவர்க்காரமும் தானே. எங்கடை அம்மா குசினியிலையே செய்திருப்பா" என்றார்.

மண்டபம் சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. இருவருக்கும் பாடசாலைக் காலத்தில் இருந்து வகுப்பில் முதலாம் பிள்ளை யார் என்பதில் தீராத ஒரு வழக்கு இருந்ததாம். அது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. நன்றியுரை சொல்ல வேண்டியவரிடம் இருந்து சேர் மைக்கை வாங்கினார். தன் கணினியைப் புரொஜெக்டரில் கொழுவச் சொன்னார். கொம்பனிக்கு இரகசியமாகக் காட்டுவதற்கென்று செய்திருந்த படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறின. எண்ணெய் எத்தனை வீதம், லெசிதின் எத்தனை வீதம், மின்னேற்றம் தரும் கொழுப்பு எது, இயந்திரத்தின் அழுத்தம் எவ்வளவு, எத்தனை தரம் உள்ளே விட வேண்டும், துளியின் அளவு என்ன. ஒரு வரி விடவில்லை. விளங்காதவர்களுக்காக இரண்டாம் தரமும் சொன்னார்.

நான் எழும்பினேன். "டொக்டர், கொஞ்சம் இருங்கோ, குறூப் போட்டோ கடைசியிலைதான்" என்று அறிவிப்பாளர் என்னை மரியாதையாகக் கதிரையில் அமர்த்தினார். மறுபடி எழும்பிப் போய்ச் சேரின் காதில் முகவர் அம்மாவின் பெயரைச் சொன்னேன். அவர் மைக்கைக் கையால் பொத்தினார்.

"எங்கடை ஆக்கள்தானே பிள்ளை. ஆர் போய் வெளியிலை சொல்லப்போகினம்?"

அவருக்கு நேரே கமரா நின்றது. டொரொன்ரோவில் இருக்கும் மகள் பார்ப்பதற்காக அவரே ஒழுங்கு செய்த நேரலை. டொரொன்ரோ, லண்டன், பாரிஸ், சிட்னி. எங்கடை ஆக்கள் இல்லாத இடம் எது?

மண்டபத்துக்கு வெளியே போய், பொன்னாடைகளோடு நின்றபடி முகவர் அம்மாவை அழைத்தேன். அவர் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. விண்ணப்பத் திகதிக்கு முன்னால் வெளியானதுதான் கணக்கு, அதே நாளில் வெளியானது கணக்கில்லை என்றார். இன்றைக்குள் சேர் கையெழுத்து வைத்துப் படமெடுத்து அனுப்பினால், தான் இணையத்திலேயே தாக்கல் செய்துவிடுவதாகச் சொன்னார். என் உயிர் திரும்பி வந்தது.

சேரைத் தேடிப் போனேன். குறூப் போட்டோவில் இருந்தார். பிறகு சாப்பாட்டில் இருந்தார். பிறகு தோழரைக் கார்வரை வழியனுப்பினார். வழக்கில் வென்ற முகம். கெஞ்சினேன், அழுதும் பார்த்தேன். அண்ணையின் காலைச் சொன்னேன். அவருக்கும் கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது.

"உன்ரை நன்மைக்குத்தான் பிள்ளை சொல்லுறன். ஆடியிலை கையெழுத்து வைச்சு, நாளைக்கு ஏதும் பிழைச்சால் நான் உன்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?" என்றார்.

அன்று சாயந்தரம் அவர் தொலைபேசியை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். எனக்காக அருச்சனை செய்ததாக மறுநாள் திருநீறு கொண்டுவந்து தந்தார்.

4. ஆகச் சிறந்த பாராட்டு

ஆவணியில், குறித்த நாளில், சுபமுகூர்த்தத்தில் விண்ணப்பம் போனது. ஒரு தடங்கலும் இல்லை.

சில மாதங்களில் கொம்பனியின் சட்டத்தரணிகளிடம் இருந்து மின்னஞ்சல் வந்தது. உள்ளே ஒரு காணொளியின் இணைப்பு. நேரலை இணையத்தில் அப்படியே கிடந்திருக்கிறது. தமிழ் தெரிந்த ஒருவரைப் பிடித்து எல்லாவற்றையும் மொழிபெயர்த்திருந்தார்கள். துறையில் பயிற்சி உள்ள எவரும் இந்த உரையை மட்டும் கேட்டே மருந்தைச் செய்துவிடலாம், விளக்கம் அவ்வளவு தெளிவு என்று எழுதியிருந்தார்கள். அன்றைய விழாவுக்குக் கிடைத்த ஆகச் சிறந்த பாராட்டு அதுதான். அடுத்த பந்தியில், மனிதப் பரிசோதனைக்குத் தாங்கள் செலவழிப்பதற்கில்லை என்று வருத்தத்தோடு தெரிவித்திருந்தார்கள்.

சேர் காணொளியை இணையத்தில் இருந்து எடுத்துவிடச் சொன்னார். எடுத்தார்கள். வீடு எரிந்த பிறகு நெருப்புப்பெட்டியை ஒளித்து வைத்ததுபோல் இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அவரை நாலு வார்த்தை கேட்கத்தான் போனேன். மனிதர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தார். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

வேறு கொம்பனிகளுக்கு எழுதினேன். எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். நாளைக்கு யாரும் செய்து விற்கக்கூடிய சாமானுக்கு நாங்கள் ஏன் இன்று காசைக் கொட்ட வேண்டும்? அரச நிதிக்கு விண்ணப்பித்தேன். பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். பரிசீலனை நடந்துகொண்டிருக்கும்போதே அண்ணையின் புண் எலும்பைத் தொட்டுவிட்டது.

5. வார்ட்டில்

காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். என் இமல்சன் இருந்திருந்தால் அந்தக் கால் தப்பியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அதைத் தெரிந்துகொள்ளத்தான் பரிசோதனை. தெரியாமலே போனதுதான் என்னால் தாங்க முடியாதது.

ஒபரேசன் முடிந்து சில நாட்களில் அண்ணை எழும்பி இருந்து கதைத்தார். மருந்து ஏன் வரவில்லை என்று கேட்டார். முழுக்கதையையும் சொன்னேன். விழாவில் அவரும் இருந்தவர்தானே.

"எல்லாருக்கும் தெரிஞ்சால் நல்லதுதானே. ஆரும் செய்யலாம்தானே?"

"ஓம் அண்ணை, ஆரும் செய்யலாம். அதாலைதான் ஒருத்தரும் செய்யமாட்டினமாம்."

அவர் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரருக்கும் இந்தப் பகிடியைச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல், கரைவலை இழுத்த கதை கேட்பது மாதிரிக் கேட்டார்.

"உங்கடை ஆய்வுகூடத்திலை அந்த மருந்து இருந்ததோ?"

"ஓம்."

"ஒரு போத்திலெண்டாலும்?"

"ஓம் அண்ணை."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. புண்ணோடு இருந்த மாதங்களிலும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். மனிதரில் சோதிக்காத மருந்தைக் கூடப்பிறந்தவருக்கும் கொடுக்கக் கூடாது. அது சரியான விதி, உங்களுக்கும் அதைத்தான் படிப்பிக்கிறேன். ஆனால் அந்தக் கட்டிலின் பக்கத்தில் நின்று அதை அவருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போர்வையை இழுத்து மூடிவிட்டு, மருந்துக் குளிசை போட்டாரா என்று கேட்டேன்.

ஆகவே, பிள்ளைகளே, உங்களுக்காக யாராவது மண்டபம் பிடித்தால், விண்ணப்பம் போய்விட்டதா என்று முதலில் கேளுங்கள். போகவில்லை என்றால் ஆடி மாதம், அட்டமி என்றெல்லாம் பார்க்காமல், புரொஜெக்டரின் வயரைப் பிடுங்குங்கள். பணிப்பாளர் கோபிப்பார், கனடாக்காரர் கோபிப்பார், ஊரே கோபிக்கும். அவர்களிடம் எல்லாம் பிறகு வீடுவீடாகப் போய் மன்னிப்புக் கேட்கலாம். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணை வீட்டுக்குப் போகிறேன். மீன் பொரித்துத் தருகிறார், இருந்து சாப்பிடுகிறேன், மருந்தைப் பற்றி இருவரும் கதைப்பதில்லை.