நீலம் நின்ற இடம்

நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டால் எனக்கொன்றும் நஷ்டமில்லை. ஆனால் இது நடந்தது. என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு நடந்தது. கடைசிப் பகுதியை என் காதாலேயே கேட்டேன்.

மச்சான் கயிறு திரிக்கிற ஆள் கிடையாது. ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஆளில்லாத குளிர் கிடங்குகளில் தனியாக வேலை பார்த்துப் பழகியவர். டிவியில் பேய்ப் படம் போட்டால் இடைவேளைக்குள் குறட்டை விடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் அன்றைக்கு நடுங்கிய நடுக்கம் இருக்கிறதே, தண்ணீர் கொடுத்த டம்ளரைப் பிடிக்கக் கைக்குத் தெம்பில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அன்றைக்கு இருட்டே இல்லை. பட்டப்பகல். ஞாயிற்றுக்கிழமை. மச்சான் வீட்டுக் கொட்டகையின் தகரக் கூரையில் வெயில் காய்ந்து கொண்டிருந்தது.

மச்சான் ஒரு பழைய கேரவன் வாங்கியிருந்தார். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு கடல் பார்க்கப் போக வேண்டும் என்பது அவருடைய ரொம்ப நாள் ஆசை. மகளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். ஐந்து வயது. கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்து பெற்ற ஒரே பிள்ளை. அவள் தும்மினால் இவருக்குக் காய்ச்சல் வரும்.

வண்டியை விற்றவர் அதிகம் பேசாத மனிதர். சாவியைக் கொடுக்கும்போது ஒன்று மட்டும் சொன்னாராம்.

"பின்னாடி இருக்கற பெஞ்சு மூடியத் திறக்க வேணாம். உள்ள ஒண்ணுமில்ல."

மச்சான் பார்த்தார். அது சாமான் போட்டு வைக்கும் பெஞ்சு. மூடியைத் தூக்கினால் அடியில் பெட்டி. அந்த மூடியைச் சுற்றிலும் ஸ்க்ரூ முடுக்கி, ஸ்க்ரூ தலைகள் மேல் பெயிண்டும் பூசியிருந்தது. ஏதோ ரிப்பேர் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். திறக்காதே என்று ஒருவன் சொன்னால் ஏன் என்று கேட்க வேண்டாமா? இவர் கேட்கவில்லை.

அந்தப் பெஞ்சுக்கு அடுத்தாற்போல், ஒரே ஒரு தகரச் சுவர் தள்ளி, பேட்டரிப் பெட்டி. அதைத் திறக்க வண்டிக்கு வெளியே தனியாக ஒரு சின்னக் கதவு. இது மட்டும் நினைவில் இருக்கட்டும். உள்ளே பெஞ்சு, வெளியே பேட்டரி, நடுவில் ஒரு தகரம்.

ஞாயிறு காலையில் பேட்டரிகளைக் கழற்றிக் கொட்டகையின் தூரத்து மூலையில் கொண்டு போய் வைத்தார். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார். ஆசிட் படிந்த இடமெல்லாம் புஸ்ஸென்று நுரைத்தது. கழுவி, துடைத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கத்தான் அது தெரிந்தது.

நடுச்சுவரின் மேல் பாதியில் பழைய நீலப் பெயிண்ட். வழுவழுவென்று, அருமையான கை வேலை. கீழ் பாதியில் ஒன்றுமே இல்லை, வெறும் துரு. நடுவில் பிரஷ் இழுத்த இழுப்பு பாதியிலேயே நின்றிருந்தது. ஒரு சொட்டு வடிந்து அப்படியே காய்ந்து போயிருந்தது.

"எந்தச் சோம்பேறியோ, பாதி மூஞ்சிக்குப் பவுடர் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிருக்கான் பாரு," என்று என் தங்கச்சியிடம் சொல்லிச் சிரித்தாராம்.

தகரம் எங்கே இற்றுப் போயிருக்கிறது என்று பார்க்க, மெக்கானிக்குகள் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல தகரம் கணீரென்று கேட்கும். இற்றுப் போனது தொப்பென்று கேட்கும். மச்சானும் தட்டினார். டங். டங். தொப். டங்.

டொக்.

கடைசிச் சத்தம் அவர் தட்டியது அல்ல. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

குட்டி காலையிலிருந்தே பொம்மைகளோடு வண்டிக்குள்தான் இருந்தாள். "ஏய் வாலு, சேட்டையா?" என்று குரல் கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்தார். துருப் பிடித்த இடத்துக்குச் சிவப்பு பிரைமர் அடித்துக் காயவிட்டார்.

சாப்பிட்டுவிட்டு வந்து சாம்பல் நிறப் பெயிண்டைக் கலக்கினார். ஆசிட்டுக்குத் தாங்கும் பெயிண்ட், நெடி மூக்கைத் துளைக்கும். மேலே இருந்து, நீலத்தின் மேல் பூச ஆரம்பித்தார். நாலு இழுப்புதான் இழுத்திருப்பார்.

டொக். டொக்.

சுவரின் மேல் விளிம்பை ஒட்டி. சின்ன விரலை மடக்கித் தட்டுவது போல.

மச்சான் சிரித்துக்கொண்டே பிரஷ் கட்டையால் திருப்பித் தட்டினார். டங். டங்.

உடனே பதில். டொக். டொக். டொக்.

அவருக்கு ஒரே குஷி. பிள்ளை அந்தப் பக்கம், அப்பா இந்தப் பக்கம். அவர் ஒரு வரி பூசுவார், அங்கே தட்டும். இவர் பதிலுக்குத் தட்டுவார். இப்படியே விளையாட்டு நடந்தது. நடுவில் என் தங்கச்சி வந்து ஏதோ சொன்னாள். இவர் திரும்பிப் பார்க்காமலே "ம்" என்றார். என்ன சொன்னாள் என்று காதில் வாங்கவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது.

தட்டுகிற இடம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் மேல் விளிம்பு. அப்புறம் அதற்கு ஒரு சாண் கீழே. அப்புறம் இன்னும் கீழே. அவர் பூசப் பூச, அதுவும் இறங்கியது.

உட்கார்ந்துகொண்டு தட்டுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தார்.

டொக்…… டொக்.

இப்போது வேகமும் இல்லை. இரண்டு தட்டலுக்கு நடுவே இடைவெளி நீண்டது. நடுவில் வேறொரு சத்தம். நகத்தால் தகரத்தைப் பிராண்டுகிற சத்தம்…

"குட்டி?"

பிரஷ்ஷை நிறுத்திக் காது கொடுத்தார்.

"குட்டிம்மா, போதும்டா. வெளிய வா."

……டொக்.

அப்போதுதான் அவர் கண்ணில் அது பட்டது. சுவரின் மூலையில், பழைய ஒயர் போவதற்காகப் போட்ட ஓட்டை. அடைக்காத ஓட்டை. பெயிண்ட் நெடி அத்தனையும் அது வழியாக அந்தப் பக்கம்தான் போயிருக்கும். பிள்ளை அந்தப் பெஞ்சுப் பெட்டிக்குள் இருக்கிறாள். தட்டுகிறவள் விளையாடவில்லை.

பிரஷ்ஷைப் போட்டார். வண்டியைச் சுற்றி ஓடினார். படியில் தடுக்கி, முட்டி பெயர்ந்ததுகூடத் தெரியவில்லை.

வண்டிக்குள் பொம்மைகள் கிடந்தன. குட்டி இல்லை.

பெஞ்சு மூடி மூடியிருந்தது. ஸ்க்ரூ எல்லாம் அப்படியே. பூசிய பெயிண்டில் ஒரு கீறல்கூட இல்லை.

பிள்ளை எப்படி உள்ளே போனாள்? யோசிக்க நேரமில்லை. கடப்பாரைக்கு ஓடினார், எடுத்துக்கொண்டு வந்தார், இடுக்கில் விட்டு நெம்பினார். மரம் பிளந்தது. ஒரு ஸ்க்ரூ தெறித்தது. இன்னொன்று.

"என்னங்க உடைக்கிறீங்க?"

வாசலில் என் தங்கச்சி. இடுப்பில் குட்டி. தூங்கி எழுந்த முகம்.

மச்சான் கையிலிருந்த கடப்பாரை அப்படியே நின்றது.

"தூங்கி விழுறா, வீட்டுக்குள்ள படுக்க வைக்கிறேன்னு சொன்னேனே. நீங்ககூட ம்னு சொன்னீங்க. அப்பவே தூக்கிட்டுப் போயிட்டேன்."

அப்பவே.

அப்படியென்றால் இவ்வளவு நேரம்…

……டொக்.

மூடியிருந்த பெஞ்சுக்குள். அடியில். தரையை ஒட்டி.

மூன்று பேருக்கும் கேட்டது. குட்டிதான் முதலில் பேசினாள்.

"யாருப்பா உள்ள?"

ஓடியிருக்கலாம். நானாக இருந்தால் ஓடியிருப்பேன், மறைக்க என்ன இருக்கிறது? மச்சான் ஓடவில்லை. அழுதுகொண்டே, கடப்பாரையை மறுபடியும் விட்டு ஒரே நெம்பாக நெம்பினார். மூடி கழன்று விழுந்தது.

உள்ளே ஒன்றுமில்லை.

தூசிகூட இல்லை. வாசம் மட்டும் குப்பென்று வந்தது. பெயிண்ட் நெடி அல்ல. பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஏறிக் கொதித்தால் வருமே, அழுகிய முட்டை வாசம். பேட்டரிகளோ காலையிலிருந்து கொட்டகை மூலையில், எந்த ஒயரும் இல்லாமல் கிடந்தன.

அன்று மாலை நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. மச்சான் நடந்ததையெல்லாம் சொன்னார். வண்டியை விற்றவருக்குப் போன் போடச் சொன்னேன். பேட்டரிப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, நான்தான் வண்டி வாங்கினவன். அந்தப் பெஞ்சு…"

அவர் முடிக்க விடவில்லை.

"தட்டுச்சா?"

மச்சான் என்னைப் பார்த்தார். "ஆமாண்ணே."

"பதிலுக்குத் தட்டினீங்களா?"

"…தட்டினேன். எம் பொண்ணு விளையாடுதுன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். அழவில்லை. அழுது தீர்ந்துபோன குரல்.

"எம் பையன் ஒளிஞ்சு விளையாட அந்தப் பெஞ்சுக்குள்ள எறங்கியிருக்கான். கொக்கி தானா விழுந்திருச்சு. நான் வெளிய பேட்டரிப் பெட்டிக்குப் பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருந்தேன். பக்கத்துல பேட்டரி சார்ஜ்ல கொதிச்சுக்கிட்டு இருந்தது, கவனிக்கல. அவன் தட்டினான். நானும் பிரஷ்ஷால தட்டினேன். நான் பூசப் பூச அவன் கீழ எறங்கிட்டே வந்தான். பாதிச் சுவர் பூசியிருப்பேன்… சத்தம் நின்னுபோச்சு. அப்பதான் பிரஷ்ஷக் கீழ வச்சேன்."

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தோம். மேலே மச்சான் பூசிய சாம்பல் நிறம். அதற்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு, மிச்சமிருந்த நீலம். அந்த நீலம் நின்ற இடம். காய்ந்து போன அந்தச் சொட்டு.

காலையில் சோம்பேறி என்று சொன்னதை நினைத்து மச்சான் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தம்பி," என்றார் போனில் இருந்தவர். "மூடியத் திறந்தீங்களா?"

"திறந்துட்டேன்ணே."

"தட்டறது நிக்கறதுக்கு முன்னாடியா… நின்னப்புறமா?"

"முன்னாடி."

போனில் அவர் மூச்சு கேட்டது.

பிறகு போனில் வேறொரு சத்தம். மெல்லிசாக. தூரத்தில்.

டொக். டொக்.

"இருங்க," என்றார். "யாரோ கதவத் தட்டறாங்க."

நடந்து போகிற காலடி.

டொக். டொக். டொக்.

காலடி நின்றது. அவர் குரல் ரொம்ப மெதுவாக, யாரிடமோ சொல்வது போல வந்தது.

"இவ்வளவு கீழயா தட்டறது…"

மச்சான் என் கையை இறுக்கிப் பிடித்தார். திறக்காதீங்க என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள்…

அவர் கொஞ்சமும் தாமதிக்காமல் தாழ்ப்பாளைத் திறக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.