குடைக்காரிக்குச் சொன்ன குறைகள்

எங்கள் வாப்பா ஒரு பொருளை நல்லது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர் மீன் வியாபாரி. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் புதுமடம் கரைக்கு ஏலம் பார்க்க நானும் அவர் பின்னால் போவேன். அவருக்குப் பிடித்த மீன் எது என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான். எதைப் பார்த்து அதிகமாக முகம் சுளிக்கிறாரோ, அதுதான். சீலா ஒன்று பளபளவென்று கிடக்கும். "என்னத்த மீனு? செவுளு வெளுத்துக் கெடக்கு, கண்ணு உள்ள போயிருச்சு. இத எவன் திம்பான்?" என்பார். பத்து நிமிடத்தில் அது எங்கள் கூடையில் இருக்கும். வேண்டாத மீனை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கரையில் வாங்க நிற்கும் எல்லோருமே அப்படித்தான். நல்லது என்று வாய்விட்டுச் சொன்னால் விற்பவன் விலையை ஏற்றிவிடுவான் அல்லவா? இது ஒரு வித்தை என்றுகூட எனக்குத் தெரியாது. பெரியவர்கள் பேசுவது என்றால் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

இந்த லட்சணத்தில்தான் பதினோரு வயதில் நான் ஒரு வீடியோ கேமுக்கு விமரிசனம் சொல்ல உட்கார்ந்தேன்.

சாச்சா, அதாவது வாப்பாவைக் காக்கா என்று கூப்பிடும் தம்பி, அபுதாபியில் பல வருடம் இருந்தவர். முன்பு ஒரு லீவில் வந்தபோது கேம் பெட்டியும், அதில் போட்டு விளையாட ஒரு சண்டை விளையாட்டும் கொண்டுவந்து எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். ஜப்பான் கார்ட்டூன் போல வரைந்தது. ஆளாளுக்கு முடி நட்டுக்கொண்டு நிற்கும், முகத்தில் பாதி கண்ணாக இருக்கும். அடிப்பதற்கு முன்னால் அந்த அடியின் பெயரைத் தொண்டை கிழியக் கத்திவிட்டுத்தான் அடிப்பார்கள். "சொல்லிட்டு அடிச்சா எதிராளி ஓடிற மாட்டானா?" என்று உம்மா கேட்டதற்கு இன்றுவரை யாரிடமும் பதில் இல்லை. அதில் குடையை வைத்துச் சண்டை போடும் ஒருத்திதான் என் ஆள். மெதுவாக நடப்பாள் என்பதால் தெருவில் வேறு யாரும் அவளை எடுக்க மாட்டார்கள். அவளை வைத்துக்கொண்டே பையன்கள் அத்தனை பேரையும் வரிசையாக நிற்கவைத்துத் தோற்கடித்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தோற்றவனை அழவைக்காமல் அனுப்பியதில்லை.

பிறகு சாச்சா வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள். ஒரே ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். அன்று முதல் நான்கு மாதமாக வாப்பாவுக்கு அவரைக் குறை சொல்வதே வேலை. செருப்பை வாசலில் கோணலாக விடுகிறான். குளிக்கப் போனால் தொட்டித் தண்ணீரைக் காலி செய்கிறான். முள் எடுத்துத் தின்னக்கூட மறந்துபோனான், கடலோரத்தில் பிறந்தவனா இவன்? சாச்சா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். எனக்கு வாப்பாமேல் கோபம் கோபமாக வரும்.

சாச்சாவுக்கு ஓர் ஆசை இருந்தது. எங்கள் முன்னறையில் இரண்டு டிவி போட்டு, ஊர்ப் பிள்ளைகள் வந்து விளையாட ஒரு கேம் கடை வைக்க வேண்டும். அந்தச் சண்டை விளையாட்டுக்குப் புதுப்பதிப்பு ஒன்று வந்திருந்தது. அது இருந்தால்தான் பிள்ளைகள் வருவார்கள் என்பது அவர் கணக்கு. இந்த நேரம் பார்த்து அவருடைய அபுதாபி சிநேகிதர் ஒருவர் புது விசா ஏற்பாடு செய்து, வெள்ளிக்கிழமை மாலை அசர் தொழுகைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமைதான் ஜும்மா தொழுகை முடிந்து, புதுப்பதிப்பின் டிஸ்க்கோடு உச்சிப்புளிக்காரர் ஒருவர் வந்தார். வளைகுடாவிலிருந்து சாமான் கொண்டுவந்து விற்கும் இப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கம் குருவி என்போம். இந்தக் குருவி நல்ல கனமான குருவி. உட்கார்ந்ததும் நாற்காலி முனகியது. "ராம்நாட்டுல ஒரு கடக்காரரும் இதத்தான் கேட்டுட்டு இருக்காரு. போட்டுப் பாத்துட்டு வேணும் வேணாம்னு சொல்லிருங்க," என்று சொல்லி, உம்மா கொடுத்த நன்னாரி சர்பத்தைக் கையில் வாங்கிக்கொண்டார்.

சாச்சா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். போனில் உலகத்துக் கருத்தை எல்லாம் படித்திருந்தார். "பாதிப் பேரு பழசையே சட்டை மாத்தி விக்கிறாங்கன்னு சொல்றான். பாதிப் பேரு இத மாதிரி வரலங்கிறான். எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீ அதுலயே ஊறுன புள்ள. பாத்துட்டு உள்ளதச் சொல்லு. நல்லாருந்தா இங்கனயே கடையப் போட்டுர்றேன். இல்லேன்னா விசாவுக்குச் சரின்னு சொல்லிர்றேன்."

சாச்சா போகக் கூடாது, விளையாட்டும் வேண்டும். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒரு மணி நேரம் விளையாடினேன். யா அல்லா, என்ன அழகு! மழை பெய்யும் துறைமுகம் ஒன்று புதிதாக வந்திருந்தது. என் குடைக்காரி குடையை விரித்தால் துளிகள் சிதறி விளக்கு வெளிச்சத்தில் மின்னின. பழையதில் இரண்டு அடிக்கு நடுவே ஒரு திக்கல் இருக்கும். இதில் நினைத்ததும் கை போனது. நான்கு புது ஆட்கள், அதில் ஒருவன் அகப்பையால் அடிக்கும் சமையல்காரன். வேறு நாட்டில் இருப்பவரோடும் சண்டை போடலாமாம். எனக்கு எச்சில்கூட விழுங்க மறந்துவிட்டது.

"என்ன புள்ள, எப்படி இருக்கு?" என்றார் சாச்சா.

குருவி எதிரே உட்கார்ந்திருக்கிறார். ராமநாதபுரத்துக்காரர் வேறு காத்திருக்கிறார். நான் வாப்பாவின் மகள். முகத்தைச் சுளித்தேன்.

"என்னத்த! பழைய மூஞ்சிக்குப் பவுடர் போட்டுருக்கு. கதைங்கிற பேர்ல நிக்காஹ் பேச்சு மாதிரி இழுக்குறாங்க, எப்ப அடிப்பாங்கன்னு கொட்டாவி வருது. புது ஆளுங்க நாலு பேர்ல ரெண்டு பேரு பழைய ஆளுங்களோட தம்பிங்க மாதிரியே இருக்காங்க. பாட்டு காதக் கிழிக்குது. குடைக்காரி உதை முன்ன மாதிரி எட்டவே இல்ல, கால வெட்டி விட்டுட்டாங்க. இத எவன் வெளையாடுவான்?"

இதில் உதை விஷயம் மட்டும்தான் உண்மை. குருவி அசையவே இல்லை; இன்னொரு கிளாஸ் சர்பத் கேட்டார். அவர் வியாபாரி, புரிந்துகொண்டார். சாச்சாதான் பல வருடம் விலைச்சீட்டு ஒட்டிய கடையில் நின்றவர், பேரப் பேச்சே அவருக்கு மறந்துபோயிருந்தது. டிஸ்க்கை எடுத்து உறையில் போட்டுக் குருவி கையில் கொடுத்துவிட்டு, பரண் மேலிருந்த தன் பயணப் பெட்டியை இறக்கப் போனார்.

எனக்கு உயிரே போய்விட்டது. பேரம் இப்படி முடியக் கூடாதே! இதற்கு மேல் என்ன பேச வேண்டும் என்று வாப்பா எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

உள்ளே படுத்திருந்த வாப்பா எழுந்து வந்தார். "ஏலே, பொட்டிய எதுக்கு எறக்குற?"

"புள்ளைக்கே பிடிக்கல காக்கா. ஒண்ணு விடாம அத்தனை குறை சொல்லிருச்சு. எனக்கு இங்கன என்ன இருக்கு? நான் போறேன்."

வாப்பா என்னைப் பார்த்தார், குருவியைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "நீ கரையில பொறந்தவன்தானா? வேண்டாத மீனுக்கு எவன்டா நின்னு குறை சொல்லுவான்? பாக்காமப் போயிற மாட்டானா?"

சாச்சா பெட்டியைக் கீழே வைத்தார். வாப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப இந்த நாலு மாசமா நீங்க என்னைய..." என்று தொடங்கி, முடிக்கவில்லை.

"நான் வெளையாட்டச் சொன்னேன்," என்று சொல்லிவிட்டு வாப்பா விறுவிறுவென்று கை கழுவப் போனார். அவர் கையில் ஒன்றுமே இல்லை.

சாச்சா அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிக்கவும் செய்தார். பிறகு குருவியிடம் கை நீட்டி டிஸ்க்கை வாங்கிக்கொண்டார். அசர் பாங்கு சொன்னபோது அவர் போனை எடுத்து, வரவில்லை என்று சொல்வதை நான் என் காதால் கேட்டேன்.

சாச்சாவின் கேம் கடை இன்றும் அந்த முன்னறையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆனால் உள்ளே கால் வைக்க இடம் இருக்காது. வயர் காலைத் தட்டுகிறது, சத்தம் தாங்கவில்லை என்று வாப்பா தினமும் சொல்கிறார். சொல்லாத நாளில் சாச்சா, "காக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று உம்மாவிடம் விசாரிக்கிறார். நானும் இப்போது மதுரையில் ஒரு கம்பெனியில், வெளிவராத விளையாட்டுகளை விளையாடிப் பார்த்துக் குறை கண்டுபிடித்துச் சொல்லும் வேலையில்தான் இருக்கிறேன்.

அன்று என் விமரிசனத்தால்தான் சாச்சா தங்கினார் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அவர் அழுதது குடைக்காரியின் உதை குறைந்த வருத்தத்தில்தான் என்றுகூட ஒரு சிநேகிதியிடம் சொன்னேன். அந்த நான்கு மாதமும் வாப்பா தன் தம்பியை ஏலம் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போது தெரியாது.