ஆறு கடக்க வாங்கிய வள்ளம்

என் கணவர் வளைகுடாவில் பதினெட்டு வருடம் லாரி ஓட்டிவிட்டு ஊருக்குத் திரும்பியதும் செய்த முதல் காரியம், ஆற்றுக்கு அக்கரையில் ஒரு வாழைத்தோட்டம் வாங்கியதுதான். எங்கள் வீட்டுப் பின்வாசலில் நின்றால் அந்த வாழைகள் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அங்கே போய்ச் சேர, குழித்துறைக்கு வந்து, பாலம் ஏறி, மார்த்தாண்டம் நெரிசலில் நின்று, மறுபடி ஆற்றோரமாக மேலே வரவேண்டும். ஒரு மணி நேரம் ஆகும். நேரே கடந்தால் ஐந்து நிமிடம்.

"ஒரு சின்ன வள்ளம் வாங்கினா என்னட்டி?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார்.

கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டேன். நான் பிறந்தது மயிலாடிப் பக்கம். அங்கே காலையில் எழுந்தால் காதில் விழுவது கல் கொத்தும் சத்தம். ஆறு கிடையாது. கிணற்றில் எட்டிப் பார்த்தாலே எனக்குக் கால் கூசும். கல்யாணமாகி ஆற்றங்கரைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் முட்டளவுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை.

"எனக்குப் பேடியாக்கும், வெள்ளத்தைக் கண்டாலே பயம்" என்றேன்.

"எனக்கு நீச்சல் தெரியும்லா."

"உங்களுக்குத் தெரிஞ்சா நான் மிதப்பேனா?"

ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப்பட்டணம் பக்கம் வள்ளம் செய்யும் ஒருவரின் கொட்டகைக்குப் போனோம். நானும் வருவேன் என்று அடம்பிடித்துப் போனேன். வள்ளத்தின் மேல் ஆசை இல்லை. நான் இல்லாமல் போனால் அவர் எதையாவது வாங்கிவிடுவார் என்ற பயம்தான்.

கொட்டகை முழுக்க மூக்கை அரிக்கும் ரெசின் பசை வாடை. கவிழ்த்துப் போட்ட ஃபைபர் வள்ளங்கள் வரிசையாகக் கிடந்தன. வள்ளம் செய்கிறவருக்கு என் வயதுதான் இருக்கும். கைகளில் முழங்கை வரை வெள்ளைத் தூசி.

"எதுக்காக்கும் வள்ளம்? மீனுக்கா?"

"ஆறு கடக்க" என்றார் என் கணவர்.

வள்ளக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்காவுக்கு நீச்சல் அறியுமா?" நான் இல்லையென்று தலையாட்டினேன். அவர் மூன்று வள்ளங்களைப் பக்கத்துக் கால்வாயில் இறக்கினார்.

முதலாவது ஒடுங்கலானது. பார்க்க அழகு. என் கணவர் அதையே தடவிக்கொண்டு நின்றார். அதில் உட்கார்ந்து நான் ஒருமுறை இருமினேன், அவ்வளவுதான், விளிம்பு தண்ணீரைத் தொட்டுவிட்டு வந்தது. நான் அலறிய அலறலில் எதிர்க்கரையில் நின்ற வாத்துகள் தண்ணீருக்குள் குதித்தன. இரண்டாவது பெரியது, எஞ்சின் மாட்டுவதற்கானது. எங்கள் இருவரால் அதைக் கரையேற்ற முடியாது. மூன்றாவது யாரோ இறால் பண்ணைக்குச் செய்யச் சொல்லிவிட்டு எடுக்க வராமல் போனது. பத்தடி நீளம், தட்டையான அடி, அகலமான வயிறு. வள்ளக்காரர் அதன் விளிம்பில் ஏறி நின்று காட்டினார். சாய்ந்தது, ஆனால் கவிழவில்லை.

"இது ஆடு தண்ணி குடிக்குற தொட்டி மாதிரில்லா இருக்கு" என்றார் என் கணவர்.

"இருக்கட்டும். தொட்டி கவிழாதுல்லா."

தொட்டியே வீட்டுக்கு வந்தது.

முதல் இரண்டு வாரம் கரையை விட்டு அகலவில்லை. அவர் பின்னால் நின்று மூங்கில் கழையால் ஆற்றடியை ஊன்றித் தள்ளுவார். நான் முன்னால் உட்கார்ந்து துடுப்புப் போடவேண்டும். நான் வலப்பக்கம் போட்டால் வள்ளம் இடப்பக்கம் திரும்பும். பதறி இடப்பக்கம் போட்டால் முழு வட்டம் அடித்து வந்து எங்கள் துணி துவைக்கும் கல்லிலேயே முட்டும். லாரி ஓட்டிய மனிதருக்கு இது தாங்கவில்லை. "ரிவர்ஸ் எடு, ரிவர்ஸ் எடு" என்று கத்துவார். வள்ளத்துக்கு ஏது ரிவர்ஸ்? ஒவ்வொரு நாளும் இறங்கும்போது என் விரல்களைத் துடுப்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டியிருந்தது.

மூன்றாவது வாரம் ஆற்றைக் கடந்தோம். போனோம், வந்தோம். ஒன்றும் ஆகவில்லை. நான்கைந்து தடவை இப்படி ஆனதும் என் கணவர் விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டார். வள்ளக்காரர் வாங்கச் சொன்ன லைஃப் ஜாக்கெட்டை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னபோது நானும் சரியென்றேன். அது என் தவறும்தான்.

அன்று இங்கே நல்ல வெயில். மலையில் மழை பெய்திருக்கிறது, அது எங்களுக்குத் தெரியாது. ஆற்று நீர் கொஞ்சம் செம்மண் நிறமாக இருந்ததைப் பார்த்தேன். "கலங்கிக் கிடக்கே" என்றேன். "யாராவது மேல மாடு குளிப்பாட்டுவாங்க" என்றார். ஏறினோம்.

கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி போனதும் வள்ளம் வேகமாக நழுவுவது தெரிந்தது. அவர் கழையை ஆழமாக ஊன்றினார். அது சேற்றில் புதைந்து சிக்கிக்கொண்டது. பிடுங்கப் பார்த்தார், வரவில்லை. கழையை விட்டிருக்கவேண்டும். பிடித்த பிடியை விடுகிற மனிதர் அல்ல அவர். வள்ளம் அவர் காலுக்கடியிலிருந்து முன்னால் போய்விட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது தண்ணீருக்கு மேல் கழையைக் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். கழை மெல்லச் சாய்ந்தது. அவர் தண்ணீருக்குள் போனார்.

தலை மேலே வந்தது. "துடுப்புப் போடு! துடுப்புப் போடு!" என்று கத்தினார். அதற்குள் எங்களுக்கு நடுவே ஐம்பதடி இருக்கும்.

நான் துடுப்புப் போடவில்லை. போட முடியவில்லை. வள்ளத்தின் இரண்டு விளிம்பையும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். வாய் மட்டும் கர்த்தரே கர்த்தரே என்று சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுப் பின்வாசல் போனது. பக்கத்து வீட்டுத் தென்னைகள் போயின. வளைவு திரும்பியதும் அந்த இரைச்சல் கேட்டது.

கீழே சப்பாத்து இருக்கிறது. ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகக் கட்டிய தரைப்பாலம். அக்கரை முனையில் யாரோ வேலி போட்டு அடைக்கும்வரை அதன் மேல் ஆட்கள் நடந்து போவார்கள். நீர் கூடினால் ஆறு அதற்கு மேலேறி மறுபக்கம் விழும். வீட்டில் இருந்து எத்தனையோ மழைக்காலங்களில் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். அதை நோக்கிப் போவது இதுதான் முதல் தடவை. தூரத்தில் ஆறு ஒரு கோடு கிழித்தது போல முடிந்துபோயிருந்தது. கோட்டுக்கு அப்பால் ஆறு இல்லை, வெறும் வானம்.

எழுந்து நின்று யாரையாவது கூப்பிடவேண்டும் என்று தோன்றியது. எழப் பார்த்தேன், முட்டு மடங்கியது. அப்படியே வள்ளத்தின் நடுவில் மண்டியிட்டு விழுந்தேன். விழுந்ததும் வள்ளம் ஆடுவது நின்றது. அந்த நிமிடத்தில் எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. முன்னால் உட்கார்ந்தபோதெல்லாம் சுற்றிச் சுற்றிப் போன வள்ளம், நான் நடுவில் மண்டியிட்டுத் துடுப்பைப் போட்டதும் சொன்னபடி கேட்டது. வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு. நீருக்கு எதிராகத் திருப்ப முடியாது என்று எப்படியோ தெரிந்தது. கரையை மட்டும் பார்த்தேன். சப்பாத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மறுபடி விறைத்துப்போயிருப்பேன்.

எங்கள் பக்கத்துக் கரையோரத்தில் தாழைப்புதர். ஒரு மடலை எட்டிப் பிடித்தேன். அதன் முள் இரண்டு உள்ளங்கையையும் கிழித்துக்கொண்டே உருவிப்போனது. வலி தெரியவில்லை, கை வழுக்கியதுதான் தெரிந்தது. இன்னொன்றைப் பிடித்தேன். வள்ளத்தின் பின்பகுதி சுற்றிக்கொண்டு ஆற்றுப் பக்கம் இழுத்தது.

கொஞ்சம் கீழே படித்துறையில் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். முன்பின் பார்த்திராத முகம். என்னைப் பார்த்ததும் கத்தினாள்.

"ஏட்டி, விட்டுராத கேட்டியா! இந்தா பிடி!"

கையிலிருந்த ஈரச் சேலையை ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வீசினாள். எட்டவில்லை. இடுப்பளவு நீரில் இறங்கி மறுபடி வீசினாள். அது என் முகத்தில் வந்து அடித்தது. தாழையை விட்டுவிட்டுச் சேலையைப் பிடித்தேன். அவள் படிக்கல்லில் காலை ஊன்றி, பின்னால் சாய்ந்து, கிணற்றிலிருந்து குடம் இழுப்பது போல என்னை வள்ளத்தோடு இழுத்தாள்.

கரையில் போட்டதும் திட்டினாள். "புத்தி இருக்கா உனக்கு? வெள்ளம் செவந்து கிடக்குது, நீ வள்ளம் விடுதியா? சப்பாத்துல விழுந்திருந்தா எலும்பு கிடைக்குமா?" திட்டிக்கொண்டே என் உள்ளங்கையில் அந்தச் சேலையைச் சுற்றினாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. பல் அடித்துக்கொண்டது.

கரையோரத் தென்னைகளுக்குள்ளிருந்து என் கணவர் ஓடிவந்தார். நீந்திக் கரையேறி அங்கிருந்து ஓடியிருக்கிறார். செருப்பு இல்லை, வேட்டி இல்லை, சட்டையும் நிக்கரும் மட்டும். என்னைப் பார்த்ததும் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இது யாரு?" என்றாள் அவள்.

"எனக்க வீட்டுக்காரர்."

"நல்ல வீட்டுக்காரர்" என்று சொல்லிவிட்டு மிச்சத் துணியைப் பிழியப் போனாள்.

மறுநாள் காலையில், "வித்துருவோம்" என்றார்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வேண்டாம்" என்று வந்தது. ஏன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தைரியம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். பதினைந்து நாள் கண்ணை மூடினால் அந்தக் கோடுதான் தெரிந்தது. வள்ளத்தை விற்றுவிட்டாலும் அது தெரியும் என்று தோன்றியது. மண்டியிட்டபோது வள்ளம் என் சொல்லைக் கேட்டது என்பதும் மனதில் கிடந்தது.

கை ஆறியதும் லைஃப் ஜாக்கெட் இரண்டு வாங்கினோம். ஆற்றோடு போன கழைக்குப் பதில் இரண்டு பேருக்கும் துடுப்பு. கயிற்றில் கட்டிய ஒரு கருங்கல், வள்ளம் இழுத்துக்கொண்டு போனால் தண்ணீரில் போட. நீர் நிறம் மாறினால் ஏறுவதில்லை என்பதில் என் சொல்லுக்கு மேல் பேச்சில்லை. வள்ளத்தை ஊர்க் குளத்துக்குக் கொண்டுபோய் ஒரு மாதம் பழகினோம். ஜாக்கெட்டோடு வேண்டுமென்றே தண்ணீரில் விழுந்து, வள்ளத்தின் பின்பக்கமாக ஏறப் படித்தேன். முதல் தடவை விழ அரைமணி நேரம் ஆனது. கடைசியில் என் கணவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு விழுந்தேன்.

மாசி மாதம், ஆறு தெளிந்து அடி மணல் தெரிந்த ஒரு காலையில் தனியாகக் கடந்தேன். நடுவில் மண்டியிட்டு, வலம் இரண்டு, இடம் இரண்டு. நடு ஆற்றில் நெஞ்சடிப்பு காதில் கேட்டது. அக்கரையில் வாழையோடு வள்ளத்தைக் கட்டிவிட்டு, அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வரவேண்டும் என்பதை அப்போதுதான் நினைத்தேன்.

எதிரே எங்கள் படியில் அவர் நிற்பது தெரிந்தது. ஜாக்கெட்டை மாட்டியிருந்தார், கரையில் நின்றுகொண்டு. கைபேசி அடித்தது.

"என்னட்டி, அங்ஙனயே இருக்க? பேடியா இருந்தா சொல்லு, நான் வண்டியில சுத்தி வாறேன். வள்ளம் அங்ஙன கிடக்கட்டும்."

"பேடிதான்" என்றேன்.

"அப்போ வரட்டா?"

வள்ளத்தின் கட்டை அவிழ்த்துக்கொண்டே, கைபேசியைத் தோளில் இடுக்கியபடி சொன்னேன். "போனை வைங்க. எனக்கு ரெண்டு கையும் வேணும்."